கை இரண்டுதான்: டீஜேயிங்கோடு விஷுவல்ஸும் செய்ய முதலில் எதை வாங்குவது?

128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 பீட்) வேகத்தில் ஓடும் பாட்டில் 32 பீட் என்பது சரியாக 15 நொடி. ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குத் தாவும் வேலை பெரும்பாலும் 32 பீட்டிலோ 64 பீட்டிலோ முடிந்துவிடும். அந்த 15, 30 நொடியில் ஒரு கை வால்யூம் ஃபேடரில் இருக்கும், இன்னொரு கை தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ நாபில் இருக்கும், ஒரு காது ஹெட்போனுக்குள் இருக்கும். திரையில் படம் மாறியே ஆக வேண்டிய நேரமும் அதே நேரம்தான். புதுப் பாட்டு வந்துவிட்டது, படம் மட்டும் பழைய பாட்டிலேயே நிற்கிறது என்றால் பார்ப்பவருக்கு உடனே தெரியும்.

வீட்டில் டீஜேயிங் தொடங்கும்போதே லைவ் விஷுவல்ஸும் (பாட்டுக்கேற்பத் திரையில் ஓடும் படங்கள்) வேண்டும் என்று நினைப்பவர்கள் பொதுவாக இரண்டு பட்டியல்களைத் தேடுவார்கள். நல்ல தொடக்கநிலை கன்ட்ரோலர் (லேப்டாப்பில் உள்ள டீஜே சாஃப்ட்வேரைக் கையால் இயக்கும் பலகை) எது என்பது ஒன்று, நல்ல வீஜே சாஃப்ட்வேர் (படங்களை ஓட்டிக் கலக்கும் சாஃப்ட்வேர்) எது என்பது இன்னொன்று. இரண்டிலும் முதலிடத்தில் இருப்பதை வாங்கிச் சேர்த்துவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே லேப்டாப்பின் திறனுக்கும் ஒரே ஆளின் கவனத்துக்கும் போட்டி போடும். அதனால் இங்கே ஒவ்வொரு வழியையும் ஒரே கேள்வியால்தான் எடைபோடப் போகிறேன்: கை ஓயாத அந்த 15 நொடியில் படம் யார் பொறுப்பு?

பாட்டோடு படமும் வரட்டும்

எளிய பதில், படத்தைப் பாட்டோடு கட்டிவிடுவது. பாட்டே ஒரு வீடியோ ஃபைலாக இருக்கும். ஒரு பாட்டிலிருந்து மற்றதற்கு மாற்றும் கிராஸ்ஃபேடரை நகர்த்தினால் ஒலியோடு படமும் கலந்து மாறும். இது புதிய யோசனை இல்லை. 2004-லேயே பயனியர் நிறுவனம் டிவிஜே-எக்ஸ்1 என்ற டிவிடி பிளேயரைக் கொண்டுவந்தது. டிவிடி படத்தையும் இசைத்தட்டைப் போல ஸ்க்ராட்ச் செய்யலாம். அந்தப் பெரிய பெட்டி செய்ததை இன்று லேப்டாப் செய்கிறது.

விர்ச்சுவல் டீஜே சாஃப்ட்வேரில் வீடியோ மிக்சிங் உள்ளேயே இருக்கிறது. வீடியோ இல்லாத பாட்டுக்கு இசைக்கேற்ப அசையும் ஷேடர் படங்களை (கணினியே அப்போதைக்கு அப்போது வரையும் வடிவங்கள்) அதுவே ஓட்டும். வீட்டில் கீபோர்டும் மவுஸும் வைத்துப் பழகிப் பார்க்கப் பணம் கட்ட வேண்டாம். கன்ட்ரோலரை இணைத்து முழுதாகப் பயன்படுத்தும்போதுதான் லைசென்ஸ் கேட்கும். அல்கோரிதிம் நிறுவனத்தின் டீஜே ப்ரோவும் வீடியோவைக் கலக்கும். ஐபேடில் அதை ஓட்டி, எச்டிஎம்ஐ அடாப்டர் வழியாகப் பெரிய திரைக்கு அனுப்பினால் லேப்டாப்பே தேவையில்லை. செராட்டோ சாஃப்ட்வேரில் இந்த வசதி தனி எக்ஸ்பான்ஷன் பேக்காக வருகிறது, அதுவும் செராட்டோ டீஜே ப்ரோவில்தான் வேலை செய்யும். தொடக்கநிலை கன்ட்ரோலர்களோடு இலவசமாக வருவது செராட்டோ டீஜே லைட். ஆகவே பெட்டியின் மேல் செராட்டோ என்று எழுதியிருப்பதைப் பார்த்து வீடியோவும் வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். ப்ரோவுக்கு ஒரு தொகை, வீடியோவுக்கு இன்னொரு தொகை.

இந்த வழியில் கேள்விக்குப் பதில் கச்சிதமாகக் கிடைக்கிறது: படம் ஃபேடரின் பொறுப்பு, உங்களுக்குக் கூடுதல் வேலை ஒன்றுமில்லை. சிக்கல் வேறு இடத்தில். மியூசிக் வீடியோவில் முகம் இருக்கும், கதை இருக்கும், வாயசைப்பு இருக்கும். இரண்டு வீடியோ பாதிப் பாதியாகக் கலக்கும்போது ஒருவர் முகத்தின் மேல் இன்னொருவர் முகம் வந்து உட்காரும். சினிமாப் பாட்டும் பாப்பும் போடுகிறவர்களுக்கு அது கொண்டாட்டத்தின் ஒரு பகுதி, யாரும் குறை சொல்லப்போவதில்லை. டெக்னோ, ஹவுஸ், ஆம்பியன்ட் பக்கம் சாய்கிறவர்களுக்குப் பாதிப் பாட்டுக்கு வீடியோவே கிடைக்காது. உங்கள் பாட்டுப் பட்டியலில் முக்கால்வாசி மியூசிக் வீடியோ உள்ள பாட்டுகள் என்றால் இந்த வழியோடு நிறுத்திக்கொள்ளலாம். கீழே கன்ட்ரோலர் பற்றிச் சொல்வதை மட்டும் பார்த்துவிட்டு வாங்கப் போகலாம்.

ஒரே லேப்டாப்பில் இரண்டு சாஃப்ட்வேர்

அடுத்தது, டீஜே சாஃப்ட்வேர் ஒரு பக்கம், வீஜே சாஃப்ட்வேர் இன்னொரு பக்கம். வீஜே பக்கத்தில் அதிகம் கேள்விப்படும் பெயர் ரெசொல்யூம். அவென்யூ, அரீனா என்று இரண்டு பதிப்பு. ப்ரொஜெக்ஷன் மேப்பிங் (ஒரு பொருளின் வடிவத்துக்கேற்பப் படத்தைப் பொருத்துவது), பல ப்ரொஜெக்டர்களை விளிம்பொட்டிச் சேர்ப்பது, டிஎம்எக்ஸ் முறையில் இயங்கும் மேடை விளக்குகள் எல்லாம் அரீனாவில். வீட்டுச் சுவரில் ஒரே ஒரு ப்ரொஜெக்டர் வைத்திருப்பவர் அரீனாவுக்குப் பணம் கொடுப்பதில் பொருளே இல்லை. பணம் கட்டாமலும் ரெசொல்யூமைத் திறந்து எல்லாவற்றையும் பழகலாம், படத்தின் மேல் வாட்டர்மார்க் நிற்கும். மேக் வைத்திருப்போருக்கு விடிஎம்எக்ஸ் இருக்கிறது. கட்டங்களை இணைத்துத் தானே படம் உருவாக்க விரும்புவோருக்கு டச் டிசைனர். வணிக நோக்கமில்லாத இலவச லைசென்ஸில் படத்தின் அளவு 1280×1280-க்கு மேல் போகாது. 1280×720 அதற்குள் அடங்கிவிடுவதால் வீட்டுத் திரைக்கு அது பெரிய தடையும் இல்லை. ஆனால் டச் டிசைனரைக் கற்க மாதங்கள் ஆகும். டீஜேயிங்கும் அப்போதுதான் கற்கிறீர்கள் என்றால், இரண்டு செங்குத்தான படிக்கட்டுகளில் ஒரே நேரத்தில் கால் வைக்க வேண்டாம் என்பேன்.

இந்த வழியில் அந்த 15 நொடியைப் பார்த்துக்கொள்ள வேண்டியது சாஃப்ட்வேர். அது பாட்டைப் புரிந்துகொள்ள இரண்டு வழிகள் உண்டு. தொடக்கத்தில் பலர் இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, ஏபிள்டன் லிங்க். 2016-ல் வந்த இந்தத் தொழில்நுட்பம், ஒரே கணினியிலோ ஒரே நெட்வொர்க்கிலோ இருக்கும் சாஃப்ட்வேர்களுக்கு வேகமும் பீட்டின் இடமும் என்ன என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இன்டர்நெட் வேண்டாம், வீட்டு ரவுட்டர் போதும். டீஜே சாஃப்ட்வேர்களில் ட்ராக்டர், ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ டீஜே ப்ரோ, டீஜே ப்ரோ ஆகியவற்றில் லிங்க் உண்டு. மறுபக்கம் ரெசொல்யூம், விடிஎம்எக்ஸ், டச் டிசைனரிலும் உண்டு. கிளிப் மாறுவது பார் (நான்கு பீட் கொண்ட ஒரு சுற்று) தொடங்கும் இடத்தில் துல்லியமாக விழ வேண்டுமா, லிங்க் தேவை. ஆனால் லிங்குக்குப் பாட்டு கேட்காது. பாட்டில் கிக் ட்ரம் (பீட்டைத் தரும் கனத்த ட்ரம்) நின்று, வெறும் குரல் மட்டும் மிதக்கும் இடத்திலும் திரை பழையபடி துள்ளிக்கொண்டே இருக்கும். பீட்கிரிட் (பீட் விழும் இடங்களைச் சாஃப்ட்வேர் குறித்து வைப்பது) தவறாக விழுந்த பாட்டில் தவறான இடத்தில் துள்ளும். மனிதர் கையால் வாசித்த ட்ரம்ஸ் உள்ள பழைய பாட்டுகளில் வேகம் சற்றே ஏறி இறங்கும், அங்கே கிரிட் சரியாக நிற்பதே சிரமம்.

இரண்டாவது, ஒலியையே கேட்டு அசைவது. சாஃப்ட்வேர் ஒலியை அலைவரிசைகளாகப் பிரித்து, கீழ்ப்பகுதி எழும்போது ஒரு வடிவத்தைப் பெரிதாக்கும், மேல்பகுதி எழும்போது ஒளியைக் கூட்டும். கிக் நின்றால் படமும் அடங்கும், திரும்பி வந்தால் படமும் எழும். டிராப் (அடங்கிய இசை முழு பலத்தோடு திரும்பும் கணம்) வரும் இடத்தில் இது தரும் உணர்வை லிங்க் தராது. ஆனால் நான்கில் முதல் பீட் எது என்று இதற்குத் தெரியாது. ஆகவே படத்தின் துடிப்பை ஒலிக்கு விடுங்கள், கிளிப் மாற்றத்தை லிங்குக்கு விடுங்கள். ரெசொல்யூமில் ஒரு கிளிப் எட்டு பாருக்கு ஒருமுறை தானாக அடுத்ததற்குத் தாவும்படி வைத்துவிட்டால், கை ஃபேடரில் இருக்கும்போது திரை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

ஒலியை வீஜே சாஃப்ட்வேருக்குக் கொண்டுபோவதுதான் ஒரே லேப்டாப்பில் பலரும் தடுக்கி விழும் இடம். டீஜே சாஃப்ட்வேர் ஒலியை நேரே கன்ட்ரோலரில் உள்ள சவுண்ட் கார்டுக்கு அனுப்பிவிடும், பக்கத்தில் ஓடும் ரெசொல்யூமுக்கு ஒன்றும் கேட்காது. மேக்கில் பிளாக்ஹோல், விண்டோஸில் விபி-கேபிள் போன்ற மெய்நிகர் ஒலிக் கம்பிகள் இருக்கின்றன; ஆனால் ஹெட்போனில் க்யூ கேட்பதையும் (அடுத்த பாட்டை முன்கூட்டியே கேட்பது) விடாமல் இவற்றை அமைக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். லேப்டாப் மைக்கே போதாதா என்றால், பழகிப் பார்க்கப் போதும். அந்த மைக் தாழ்ந்த ஒலியைச் சரியாகப் பிடிக்காது, நமக்கு வேண்டியதோ அந்தக் கிக்தான். போதாததற்கு, சிஸ்டத்தில் இரைச்சல் நீக்கம் இயங்கிக்கொண்டிருந்தால் உங்கள் இசையையே இரைச்சல் என்று எடுத்து நீக்கிவிடும். மைக்கை நம்புவதென்றால் முதலில் அதை அணைத்துவிடுங்கள்.

விண்டோஸ்காரர்களுக்கு இன்னொரு தடை. ஒரு மிடி கருவியை (பட்டன், ஃபேடர் அசைவுகளைக் கணினிக்குச் சொல்லும் கருவி) ஒரு சாஃப்ட்வேர் திறந்துவிட்டால் மற்றது அதைத் திறக்க முடியாமல் போவது பல விண்டோஸ் கணினிகளில் நெடுங்காலமாக இருக்கும் வழக்கம். டீஜே கன்ட்ரோலரில் சும்மா இருக்கும் பட்டன்களை விஷுவல்ஸுக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற திட்டம் இங்கே உடைந்துபோகலாம். மேக்கில் இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் கிராபிக்ஸ். ரெசொல்யூம் போன்றவை படத்தைக் கலக்கும் வேலை முழுவதையும் கிராபிக்ஸ் சிப்பில்தான் செய்கின்றன. விண்டோஸ் லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு இருப்பது நல்லது. ஆப்பிளின் எம்1 முதலான சிப்களில் வீட்டுத் தேவைக்குத் தனியாக ஒன்றும் வேண்டாம். அதே லேப்டாப்பில் ஸ்டெம்ஸ் பிரிப்பையும் இயக்கினால், குரலையும் ட்ரம்ஸையும் அப்போதைக்கு அப்போதே பிரிக்கும் அந்தக் கணக்கு விஷுவல்ஸோடு நேரே மோதும். படம் ஓரிரு ஃபிரேம் தவறினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒலி ஒருமுறை விக்கினால் அறையில் இருக்கும் எல்லாருக்கும் கேட்கும். ஒரே லேப்டாப் வழியில் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் இதுதான்: படத்தின் பாரத்துக்குப் பாட்டு பலியாகலாம்.

இதைக் குறைக்க ஒரு காசும் செலவில்லாத வழி, கிளிப்களைச் சரியான வடிவில் மாற்றி வைப்பது. நாம் இறக்கும் வீடியோக்கள் பெரும்பாலும் எச்.264. அதில் எல்லா ஃபிரேமும் முழுப்படம் இல்லை. முன்பின் ஃபிரேமோடு ஒப்பிட்டு மாற்றத்தை மட்டும் எழுதி வைத்திருக்கும். நேராக ஓட்டச் சரி. பின்னோக்கி ஓட்டவும், பீட்டுக்குப் பீட் வேறு இடத்துக்குத் தாவவும் அது ஏற்றதில்லை. ரெசொல்யூமின் டிஎக்ஸ்வி, பல சாஃப்ட்வேர்களில் ஓடும் ஹாப் ஆகிய வடிவங்களில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிற்கும், பிரிக்கும் வேலையையும் கிராபிக்ஸ் சிப் எடுத்துக்கொள்ளும். ஃபைல் பல மடங்கு பெரிதாகும் என்பதால் எஸ்எஸ்டி வேண்டும். கூடவே 720 அளவிலேயே வேலை செய்யுங்கள். 1920×1080 படத்தில் அதைவிட 2.25 மடங்கு புள்ளிகள் இருக்கின்றன. சுவரில் விழும் சுழலும் வடிவங்களில் அந்த வித்தியாசத்தை உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கிறதா?

கிடந்தால், பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் வழி அதுதான். பாட்டுக்கு ஒரு கணினி, படத்துக்கு ஒரு கணினி. படம் உறைந்துபோனாலும் பாட்டு நிற்காது. லிங்க் இருந்தால் இரண்டும் ரவுட்டர் வழியாகப் பேசிக்கொள்ளும். மிடி மோதல் கிடையாது, ஒலிக் கம்பி வித்தைகளும் தேவையில்லை.

ஒலிக்கு, கன்ட்ரோலரின் மாஸ்டர் ஆர்சிஏ வெளியீட்டை (சிவப்பு, வெள்ளைத் துளைகள்) ஒரு பிரிப்பான் போட்டு இரண்டாக்கி, ஒன்றை ஸ்பீக்கருக்கும் மற்றதை இரண்டாவது லேப்டாப்புக்கும் கொடுங்கள். இன்றைய லேப்டாப்களில் லைன் உள்ளீடு அநேகமாக இல்லை. ஹெட்போன்-மைக் கூட்டுத் துளையில் லைன் ஒலியைக் கொடுத்தால் சிதறும். பெஹ்ரிங்கர் யூசிஏ222 போல ஆர்சிஏ உள்ளீடு கொண்ட சின்ன யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று போதும். விஷுவல்ஸுக்காக வாங்கும் பொருள்களில் மிக மலிவானது இதுவாக இருக்கலாம். பலனில் முதலிடம் இதற்குத்தான்.

பழைய லேப்டாப் ரெசொல்யூமைத் தாங்காவிட்டாலும் வழி இருக்கிறது. ரயன் கைஸ் 2001-ல் வின்ஆம்ப் மியூசிக் பிளேயருக்காக எழுதிய மில்க்டிராப் நினைவிருக்கிறதா? அதன் வழிவந்த ப்ராஜெக்ட்எம் இன்றும் இலவசம். பிரவுசரிலேயே ஓடும் பட்டர்சர்ன் என்ற வடிவமும் உண்டு. ஆயிரக்கணக்கான அசைவுகள், எல்லாம் ஒலியைக் கேட்டு ஆடுபவை. பழைய சரக்கு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். இருட்டறையில் சுவர் முழுக்க அதை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சுளிக்கட்டும். கணினி நிரல் எழுதப் பிடிக்கும் என்றால் ஒலிவியா ஜாக் உருவாக்கிய ஹைட்ரா இருக்கிறது. பிரவுசரில் இரண்டு வரி எழுதினாலே படம் அசையும். பாட்டு ஓடும்போது நிரல் எழுதுவது அந்த 15 நொடிக்குத் துளியும் ஒத்துவராது; முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, பாட்டு நடுவில் எண்களை மட்டும் மாற்றுவது நடக்கும்.

இரண்டாவது கணினி இல்லை, வாங்கவும் மனமில்லை என்றால், லேப்டாப்பே வேண்டாத டீஜே கருவியை வாங்கி, இருக்கும் லேப்டாப்பை முழுதாகப் படத்துக்குக் கொடுப்பது இன்னொரு கணக்கு. நியூமார்க் மிக்ஸ்ட்ரீம் ப்ரோ, டெனான் டீஜே பிரைம் கோ போன்றவை தாமே பாட்டை ஓட்டும். யோசனை அழகானது. ஆனால் அதே பணத்தில் சாதாரண கன்ட்ரோலர் ஒன்றும் பழைய லேப்டாப் ஒன்றும் சேர்ந்தே கிடைத்துவிடலாம். திரையைப் பார்க்காமல் டீஜே செய்ய வேண்டும் என்ற ஆசை இருந்தால் தவிர, முதல் கருவியாக இதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

வீடியோ மிக்சர் வாங்கலாமா?

படத்தில் பார்க்க மிகவும் கவர்ச்சியாக இருப்பது இதுதான். பிளாக்மேஜிக்கின் ஏடெம் மினி, ரோலண்டின் வி-1எச்டி இரண்டிலும் நான்கு எச்டிஎம்ஐ உள்ளீடு. கையைக் காட்டும் கேமரா ஒன்று, லேப்டாப் படம் ஒன்று என்று சேர்த்து, ஒன்றின் மேல் ஒன்றைப் போடலாம். ஏடெம் மினி தன் வெளியீட்டை யூஎஸ்பி வழியாக வெப்கேம் போலவும் கொடுக்கும். நேரலை செய்கிறவர்களுக்கு அது வரம்.

ஆனால் நம் கேள்வியைக் கேட்டால் பதில் மோசம். மிக்சர் என்பது கை வைத்தால்தான் வேலை செய்யும் பெட்டி. வி-1எச்டியில் படத்தை மாற்றும் நெம்புகோலான டி-பாரைத் தள்ள ஒரு கை வேண்டும், அது உங்கள் கிராஸ்ஃபேடரில் இருக்கிறது. அதோடு மிக்சர் கலக்கத்தான் செய்யும், படத்தை உண்டாக்காது. கலக்க ஏதாவது வேண்டுமென்றால் கணினி எப்படியும் தேவை. எச்டிசிபி பூட்டுள்ள (நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு) கருவிகளிலிருந்து வரும் படத்தை ஏடெம் மினி ஏற்காது என்பதும் நினைவில் இருக்கட்டும். நண்பர் ஒருவர் படத்தைப் பார்த்துக்கொள்கிறார் என்றால் கதையே வேறு, அவருக்கு இது அருமையான விளையாட்டுப் பொருள். தனியாளாக இருந்து கேமராவையும் விஷுவல்ஸையும் சேர்க்க நினைத்தால் இலவசமான ஓபிஎஸ் ஸ்டுடியோ சாஃப்ட்வேரே பெரும்பாலும் போதும்.

கன்ட்ரோலர்களுக்கு வருவோம்

டீஜேயிங்கை மட்டும் பார்த்தால் தொடக்கநிலைக் கன்ட்ரோலர்களுக்குள் வித்தியாசம் அவ்வளவு பெரிதல்ல. விஷுவல்ஸோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் சில சின்ன விஷயங்கள் பெரிதாகின்றன.

பயனியரின் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 எல்லாருக்கும் முதலில் சொல்லப்படும் பெயர், காரணத்தோடுதான். அதை இணைத்தாலே ரெக்கார்ட்பாக்ஸின் பெர்ஃபார்மன்ஸ் பகுதி திறக்கும். செராட்டோ டீஜே லைட், டீஜே ப்ரோ ஆகியவற்றோடும் ஓடும். பாட்டோடு மைக் ஒலியும் கலந்ததை யூஎஸ்பி வழியாகவே கணினிக்குத் திருப்பி அனுப்பும் வசதி இதில் உண்டு. நேரலைக்காக வைத்த வசதிதான், ஆனால் ஒரே லேப்டாப்பில் வீஜே சாஃப்ட்வேருக்கு ஒலி கொடுக்கவும் அது உதவக்கூடும்.

நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ட்ராக்டர் கன்ட்ரோல் எஸ்2 எம்கே3-ஐப் பற்றி இப்போது அதிகம் பேச்சில்லை. விஷுவல்ஸ் பக்கம் நின்று பார்த்தால் அது இருக்க வேண்டிய இடம் இன்னும் மேலே. காரணம் கருவியில் இல்லை, அதோடு வரும் ட்ராக்டர் ப்ரோவில் இருக்கிறது. லிங்கும் உண்டு, மிடி கிளாக்கும் (பாட்டின் வேகத்தைச் சொல்லும் துடிப்பு) வெளியே அனுப்பும். அதைவிட முக்கியம், ஃபேடர் எந்த நிலையில் இருக்கிறது என்பதையே ஒரு மெய்நிகர் மிடி வழியாக வேறு சாஃப்ட்வேருக்கு அனுப்ப வைக்கலாம். ஏ டெக்கின் (ஒரு பாட்டு ஓடும் பக்கம்) ஃபேடர் இறங்கும்போது ஏ-வுக்கான படம் மங்கும், பி ஏறும்போது பி-யின் படம் எழும். மியூசிக் வீடியோவே இல்லாமல், நீங்கள் விரும்பிய படத்தோடு முதல் வழியின் வசதி கிடைத்துவிடுகிறது. அமைக்க ஒரு மாலைப்பொழுது போகும், அதற்குப் பிறகு படத்துக்கென்று தனிக் கை தேவைப்படாது. குடைந்து பார்க்கும் ஆசை உள்ளவருக்கு என் முதல் தேர்வு இது.

ஹெர்குலிஸ் டீஜே கன்ட்ரோல் இன்பல்ஸ் 300 எம்கே2-வில் வேகம் பொருந்தவில்லை என்றால் எந்தப் பக்கம் சரிசெய்ய வேண்டும் என்று விளக்குகள் காட்டும். காதால் பீட்மேட்ச் செய்யக் கற்க நினைப்பவருக்கு நல்ல ஆசிரியர். நியூமார்க் மிக்ஸ்ட்ராக் பிளாட்டினம் எஃப்எக்ஸின் ஜாக் வீலில் (பாட்டைக் கையால் நகர்த்தும் சக்கரம்) சின்னத் திரை இருக்கிறது. கேட்பதற்கு அலங்காரம் போலத் தோன்றும். லேப்டாப் திரையைப் படத்தின் சாஃப்ட்வேரோடு பங்கு போடும்போது, பாட்டின் நிலை கைக்கு அடியிலேயே தெரிவது நிஜமான உதவி. இரண்டோடும் செராட்டோ டீஜே லைட் வருகிறது. லைட் பதிப்புகளை நம்பித் திட்டம் போடுமுன், உங்களுக்கு வேண்டிய லிங்க் அந்தப் பதிப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படத்துக்கென்று ஒரு சின்னக் கன்ட்ரோலர்

மவுஸ் வைத்து விஷுவல்ஸ் ஓட்டுவது முடியாத காரியம் இல்லை, எரிச்சலான காரியம். இருட்டில் சின்ன அம்புக்குறியைத் தேட வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் நகர்த்த முடியும்.

கார்க் நானோகன்ட்ரோல்2-இல் எட்டு ஃபேடர், எட்டு நாப், சில பட்டன்கள். அகாய் மிடிமிக்ஸில் எட்டு ஃபேடரோடு ஒரு மாஸ்டரும் 24 நாபும். அகாய் ஏபிசி மினி எம்கே2-வில் 64 வண்ணப் பட்டன், ஒன்பது ஃபேடர். நோவேஷன் லாஞ்ச்பேடிலும் 64 பட்டன், ஆனால் ஃபேடர் கிடையாது. ரெசொல்யூமில் கிளிப்கள் கட்டம் கட்டமாக நிற்பதால் 64 பட்டன் உள்ளதை வாங்கத் தோன்றும். 64 கிளிப்பில் எது எங்கே என்று நினைவில் வைத்துக்கொண்டு, அதே மூளையால் அடுத்த பாட்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை அப்போது மறந்துவிடுவோம்.

தனியாளுக்கு ஃபேடர்கள்தான் கைகொடுக்கும். மூன்று லேயருக்கு மூன்று ஃபேடர், ஒலிக்கு எவ்வளவு துள்ள வேண்டும் என்பதற்கு ஒன்று, எல்லாவற்றையும் கறுப்பாக்க ஒன்று. கறுப்பாக்குவதைக் குறைத்து மதிக்காதீர்கள்; டிராப்புக்கு முன் நான்கு பீட் திரை இருண்டிருந்தால், அதன்பின் வருவது எந்தப் படமாக இருந்தாலும் எடுபடும். ஃபேடரைப் பாதியில் விட்டுவிட்டுப் போகலாம் என்பதும் பெரிய வசதி, பட்டனில் அப்படிப் பாதி கிடையாது. அதனால் நானோகன்ட்ரோல்2 அல்லது மிடிமிக்ஸ். இரண்டு விதமும் வேண்டும் என்றால் ஏபிசி மினி. அதிலும் முதல் எட்டு பட்டனை மட்டும் கொஞ்ச காலம் பயன்படுத்துங்கள்.

திரையும் தாமதமும்

ப்ரொஜெக்டரா, டிவியா என்பது அறையைப் பொறுத்தது. இருட்டாக்க முடியாத அறையில் ப்ரொஜெக்டருக்குச் செலவழிப்பது வீண், டிவியே பளிச்சென்று இருக்கும். இருட்டாக்க முடிந்தால், சாதாரண ப்ரொஜெக்டரும் சுவர் முழுக்க நிறைப்பதால் டிவியை வென்றுவிடும்.

இரண்டிலும் கவனிக்க வேண்டியது தாமதம். 128 பிபிஎம்மில் ஒரு பீட்டுக்கு சுமார் 469 மில்லிநொடி. படத்தை அழகுபடுத்தும் வேலைகளுக்காக டிவி 100 மில்லிநொடி எடுத்துக்கொண்டால், அது பீட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். கிக் விழுந்த பிறகு படம் துள்ளுவது கண்ணுக்குத் தெரியும். டிவியில் கேம் மோடை இயக்குங்கள். கம்பியில்லாத திரைப் பகிர்வை மறந்துவிட்டு எச்டிஎம்ஐ கேபிளையே போடுங்கள். ஸ்பீக்கரும் புளூடூத்தில் இருக்கக் கூடாது. அதன் தாமதத்தோடு பீட்மேட்ச் செய்யவே முடியாது, படம் ஒருபுறம் இருக்கட்டும்.

மின்னும் படங்களில் ஓர் எச்சரிக்கை. வலைப்பக்கங்களுக்கான அணுகல்தன்மை விதிகள், ஒரு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடுவதை ஆபத்தாகக் கருதுகின்றன. ஒளியால் வலிப்பு தூண்டப்படுவோர் உண்டு. 128 பிபிஎம்மில் பீட்டுக்கு ஒரு மின்னல் என்றால் நொடிக்கு 2.13 முறை, வரம்புக்குள். அரை பீட்டுக்கு ஒன்று என்றால் 4.27, வரம்பைத் தாண்டிவிட்டது. சுவர் முழுக்க ஓட்டும்போது, நண்பர்கள் வரும்போது, நேரலையில் ஸ்ட்ரோப் எஃபெக்டைப் பீட்டுக்கு ஒன்றோடு நிறுத்துங்கள்.

வாங்கும் வரிசைக்கு வந்தால், கன்ட்ரோலரும் ஹெட்போனும் முதலில். படத்துக்கு எதுவும் வாங்காமல், இருக்கும் லேப்டாப்பிலோ பழையதிலோ பட்டர்சர்னையும் ரெசொல்யூமின் வாட்டர்மார்க் பதிப்பையும் ஓட்டிக்கொண்டு பாட்டு மாற்றப் பழகுங்கள். ஃபேடரைப் பார்க்காமல் 32 பீட் மாற்றத்தை முடிக்க முடிகிற நிலை வந்ததும் சவுண்ட் கார்டு, அதன்பின் எட்டு ஃபேடர் கன்ட்ரோலர். வீஜே சாஃப்ட்வேருக்குப் பணம் கட்டுவது கடைசி. வாட்டர்மார்க் கண்ணை உறுத்தத் தொடங்கும்போது கட்டினால் போதும்.